ஓர் ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடுவது எப்படி? 'இன்டெண்ட்' என்ற சொல்லை வைத்து ஒரு செய்முறை

விடுப்பு விண்ணப்பம் ஒன்றைத் திருத்தித் தரும்படி தெரிந்தவர் ஒருவர் என்னிடம் கேட்டிருந்தார். அடுத்த வாரம் ஊருக்குப் போக எண்ணியிருப்பதாக ஆங்கிலத்தில் எழுத முனைந்தவர், 'இன்டெண்ட்' என்று வர வேண்டிய இடத்தில் 'இண்டென்ட்' என்று எழுதியிருந்தார். அவர் வேலை பார்ப்பது பண்டகசாலைப் பிரிவில். ஆணி முதல் அச்சுத்தாள் வரை எதுவானாலும் அங்கே 'இண்டென்ட் போட்டு'த்தான் வாங்க முடியும் என்பதால், அன்றாடம் புழங்கும் சொல் தன்னையறியாமல் கைக்கு வந்துவிட்டது. இரண்டுக்கும் ஒலியில் நூலிழை வேறுபாடுதான். பிறப்பிலோ ஒட்டுமில்லை, உறவுமில்லை. அதை அவருக்கு விளக்கப் போய்த்தான் இந்தச் சொல்லின் வேரைத் தேடத் தொடங்கினேன். தேடிய வழியையே கீழே முறையாக எழுதுகிறேன். வேறொரு சொல்லை எடுத்துக்கொண்டாலும் நடக்க வேண்டிய வழி பெரும்பாலும் இதுதான்.

எழுத்தைப் பற்றி முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். ஆங்கிலத்தில் டகர ஒலிக்கு வன்மையானது ஒன்றும் மென்மையானது ஒன்றுமாக இரண்டு எழுத்துகள் உண்டு. எண்ணத்தைக் குறிக்கும் சொல்லில் வல்லொலி நடுவிலும் மெல்லொலி இறுதியிலும் வரும். பண்டகசாலைச் சொல்லில் அவை இடம் மாறி நிற்கும். தமிழில் டகரம் ஒன்றே என்றாலும், றன்னகரத்துக்குப் பின் அதை வன்மையாகவும் டண்ணகரத்துக்குப் பின் மென்மையாகவும் ஒலிக்கிறோம். ஆகவே முன்னதை 'இன்டெண்ட்' என்றும் பின்னதை 'இண்டென்ட்' என்றும் எழுதிப் பிரித்துக்கொள்கிறேன்.

இன்றைய வழக்கிலிருந்து தொடங்குங்கள்

வேர் தேடுகிறவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை, நேரே லத்தீனுக்குத் தாவிவிடுவது. சொல் இன்று என்ன வேலை செய்கிறது என்று தெரியாமல் அது நேற்று என்ன செய்தது என்று ஆராய்வதில் பயன் குறைவு. ஆகவே அகராதியைத் திறப்பதற்கு முன், நாளிதழிலிருந்தும் கடிதங்களிலிருந்தும் மருந்துச் சீட்டுகளிலிருந்தும் பத்துப் பதினைந்து வாக்கியங்களைத் திரட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படித் திரட்டினால், 'இன்டெண்ட்' என்ற வினை மூன்று விதமாகப் பயன்படுவது தெரியும். ஒன்று, ஒருவர் தாமே ஒன்றைச் செய்ய எண்ணுவது: படிக்க எண்ணுகிறேன், வாங்க எண்ணுகிறேன். இரண்டாவது, ஒரு பொருளையோ பேச்சையோ இன்னாருக்கென்று குறிப்பது: இந்த நூல் சிறுவர்களுக்கானது, அந்தக் கிண்டல் உங்களை நோக்கியதன்று. மூன்றாவது, விளைவை எண்ணிச் செய்வது: புண்படுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. இவற்றோடு, கொஞ்சம் பழைய வழக்காக, 'இன்டெண்டட்' என்ற எச்சம் பெயர்ச்சொல்லாக நின்று, மணம் முடிக்க நிச்சயிக்கப்பட்டவரைக் குறிப்பதும் உண்டு.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. இந்த வினை எண்ணத்தை மட்டும் சொல்லும். செயல் நடந்ததா என்பதைச் சொல்லாது. அதிலும் ஆங்கிலத்தில் அதை 'ஹேட் இன்டெண்டட்' என்று முற்றுப்பெற்ற இறந்தகாலத்தில் வைத்துவிட்டால், நடக்கவில்லை என்ற குறிப்பே தொனிக்கும். தமிழிலும் இது அப்படியே உண்டு. 'வரலாம் என்று இருக்கிறேன்' என்றால் வந்தாலும் வருவார். 'வரலாம் என்று இருந்தேன்' என்றால் வரவில்லை. அதற்கடுத்து ஒரு சாக்கு வரப்போகிறது என்று கேட்பவருக்குத் தெரியும். தமிழில் எண்ணத்தைச் சொல்ல எண்ணுதல் என்ற வினையே தேவைப்படாமல், 'என்று' என்ற இணைப்பும் 'இரு' என்ற துணைவினையும் சேர்ந்து அந்த வேலையை முடித்துவிடுவதை இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்க்கும்போது இது பெரிதும் உதவும்.

சொல்லைப் பிரித்து, படத்தைக் கண்டுபிடியுங்கள்

அடுத்தது பிரிப்பது. சொல்லின் முன்பகுதி 'இன்'. உள்ளே, நோக்கி, மேல் என்று பொருள் தரும் லத்தீன் முன்னொட்டு. எஞ்சியது 'டெண்டெரே' என்ற லத்தீன் வினை. இழுத்தல், நீட்டுதல், விறைப்பாக்குதல் என்பது அதன் பொருள். இரண்டும் சேர்ந்த 'இன்டெண்டெரே' என்பதற்கு ஒன்றை நோக்கி இழுத்து நீட்டுதல் என்று நேர்ப்பொருள் கொள்ளலாம்.

ஆனால் நேர்ப்பொருளோடு நின்றுவிட்டால் வேர் வெறும் எலும்பாகவே இருக்கும். அந்தச் சொல்லை ரோமானியர் எதைப் பற்றிப் பேசும்போது பயன்படுத்தினர் என்று பார்க்க வேண்டும். வில்லை வளைத்து நாணை இழுப்பதற்கு அவர்கள் இந்த வினையைத்தான் பயன்படுத்தினர். அதே வினையை மனம் என்ற சொல்லோடு சேர்த்து, மனத்தை ஒன்றின்மேல் செலுத்துதல் என்ற பொருளிலும் ஆண்டனர். நாண் இழுபட்டிருக்கிறது, அம்பு குறியை நோக்கி இருக்கிறது, கை இன்னும் விடவில்லை. இன்றைய ஆங்கிலச் சொல்லில் செயல் நடந்ததா என்ற கேள்வி திறந்தே கிடப்பதற்கும் இந்தப் படத்துக்கும் உள்ள பொருத்தம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதே மூச்சில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: இன்று இந்தச் சொல்லைப் பேசும் ஆங்கிலேயர் எவர் மனத்திலும் வில்லோ நாணோ கிடையாது. வேர்ப்பொருள்தான் உண்மைப்பொருள் என்று வாதிடுவது, நாற்காலிக்கு எப்போதும் நான்கு கால்தான் இருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பதைப் போன்றது. படம் நமக்கு நினைவில் நிற்கவும் ஒத்த சொற்களைப் பிரித்தறியவும் உதவுகிறது. அதற்குமேல் அதனிடம் கேட்கக் கூடாது.

இடைவழியைத் தாண்டிவிடாதீர்கள்

லத்தீன் சொல் நேரே ஆங்கிலத்துக்கு வந்துவிட்டதாக எண்ணிக்கொள்வது எளிது. பெரும்பாலும் நடுவில் பிரெஞ்சு இருக்கும். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு, நீதிமன்றத்திலும் அரசவையிலும் பிரெஞ்சு புழங்கியதால், ஆயிரக்கணக்கான சொற்கள் அந்த வாயில் வழியாகவே ஆங்கிலத்துக்குள் நுழைந்தன. நம்முடைய சொல்லும் பழைய பிரெஞ்சின் 'ஆந்தாந்த்ர்' என்ற வினையின் வழியே வந்ததுதான். அதனால்தான் இடைக்கால ஆங்கிலத்தில் இதன் முதலெழுத்து இகரமாக மட்டும் இல்லாமல் எகரமாகவும் இருந்தது. லத்தீன் படித்தவர்களின் செல்வாக்கால் பின்னர் இகரம் நிலைத்தது.

இந்த இடைவழியில் ஒரு வேடிக்கை உண்டு. மனத்தை ஒன்றின்மேல் செலுத்துதல் என்ற பொருளிலிருந்து ஆங்கிலம் எண்ணுதல் என்ற பக்கம் போனது. பிரெஞ்சோ காதைச் செலுத்துதல் என்ற பக்கம் போய், இன்று அந்த வினைக்குக் கேட்டல் என்றே பொருள் கொள்கிறது. ஸ்பானிய மொழியில் அதன் இணைச்சொல்லுக்குப் புரிந்துகொள்ளுதல் என்று பொருள். ஒரு தாய்க்குப் பிறந்த மூன்று மக்கள் மூன்று ஊரில் குடியேறி மூன்று தொழில் பார்ப்பதைப் போல. இரட்டைப் பொருள் தொனிக்கும் பேச்சை ஆங்கிலத்தில் 'டபுள் ஆன்டாண்ட்ரா' என்பார்களே, அதில் இருப்பதும் இந்தப் பிரெஞ்சு வினைதான்.

இப்படிப்பட்ட இடைவழிகளைத் தெரிந்துகொள்ள, சொற்களின் பழைய ஆட்சிகளை ஆண்டுகளோடு தரும் அகராதி வேண்டும். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி இந்த வேலைக்கென்றே தொகுக்கப்பட்டது. அதன் முதற்பகுதி 1884இல் வெளிவந்து, முழுமை பெற 1928 ஆயிற்று. பொருள்களை அது வரலாற்று முறையில், பழையதிலிருந்து புதியதுக்கு வரும்படி, மேற்கோள்களுடன் அடுக்குகிறது. ஆகவே முதலில் தரப்பட்டிருக்கும் பொருளை இன்றைய பொருள் என்று எண்ணி ஏமாந்துவிடக் கூடாது. ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டு நாடகத்தில் பக்கிங்காம் பிரபு அரசனாகத் துடிப்பவனிடம், கொஞ்சம் அச்சத்தை 'இன்டெண்ட்' செய் என்று சொல்லுமிடத்தில் அந்த வினைக்குப் பொருள் பாசாங்கு செய்தல். இன்றைய பொருளை வைத்துப் படித்தால் அந்த இடம் விளங்காது.

உடன்பிறந்தவர்களைத் திரட்டுங்கள்

இந்த வேலையில் மிகவும் சுவையான கட்டம் இதுதான். முன்னொட்டை மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். குடும்பம் முழுவதும் வரிசையாக வந்து நிற்கும். வெளியே நீட்டினால் 'எக்ஸ்டெண்ட்'; எதிரெதிராக இழுத்தால் போட்டியிடும் 'கன்டெண்ட்'; ஒன்றின் பக்கமாக மனத்தை நீட்டினால் 'அட்டெண்ட்'. நம் அலுவலகங்களின் அட்டெண்டரும் பள்ளிக்கூடத்தின் அட்டெண்டன்ஸும் இந்தக் கடைசிச் சொல்லின் வழி வந்தவர்கள். மேலிருந்து கவனத்தைச் செலுத்துகிறவர் 'சூப்பரின்டெண்டண்ட்'. நம் ஊர் வழக்கில் சுருங்கிச் சூப்பிரண்டு ஆனவர். இழுத்துக் கட்டிய துணி 'டென்ட்'. அந்தத் துணிக்குக் கீழே மணலில் உட்கார்ந்து படம் பார்த்த தலைமுறைக்கு அது டென்ட் கொட்டகை. இழுபட்ட நிலை 'டென்ஷன்'. இந்த ஒரு சொல்லைத் தமிழர் எடுத்துக்கொண்ட அளவுக்கு வேறு எவரும் எடுத்துக்கொண்டார்களா என்பது எனக்கு ஐயம்தான். எங்கள் வீட்டில் பால் பொங்கினால்கூட டென்ஷன்.

'ப்ரிடெண்ட்' என்ற சொல்லில் சற்றே நிற்க வேண்டும். முன்னால் நீட்டுதல் என்பது அதன் வேர்ப்பொருள். முன்னால் நீட்டிக் காட்டுவது உரிமையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். இன்று பாசாங்கு செய்தல் என்ற பொருளே நிலைத்திருந்தாலும், பிரிட்டன் வரலாற்றில் ஸ்டுவர்ட் குடும்பத்து ஜேம்ஸைக் கிழப் 'ப்ரிடெண்டர்' என்றும், 1745இல் படை திரட்டிய அவர் மகன் சார்லஸை இளைய 'ப்ரிடெண்டர்' என்றும் குறிப்பிடும்போது, அது அரியணைக்கு உரிமை கோருபவர் என்ற பொருளில் நிற்கிறது. நடிப்பவர் என்று மொழிபெயர்த்தால் கதை கெட்டுவிடும். ஸ்பானிய மொழியில் இதே சொல்லின் இணைக்கு எண்ணுதல், முயலுதல் என்று பொருள் இருப்பது, இந்தக் குடும்பத்தில் பொருள்கள் எவ்வளவு எளிதாகக் கைமாறுகின்றன என்பதற்குச் சான்று.

இப்போது குடும்பத்தின் இன்னும் பழைய கிளைக்குப் போகலாம். 1786இல் கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் கூட்டத்தில் வில்லியம் ஜோன்ஸ் ஆற்றிய உரை, சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்திருக்க வேண்டும் என்ற கருத்தைப் பரவலாக்கியது. அந்த மூலமொழியில் நீட்டுதலைக் குறிக்க 'தென்' போன்ற ஒரு வேர் இருந்ததாக மொழியறிஞர்கள் ஒலிமாற்ற விதிகளைக் கொண்டு மீட்டெடுத்திருக்கிறார்கள். அது லத்தீனில் 'டெண்டெரே' ஆயிற்று. ஆங்கிலத்தில் இழுத்து மெல்லிதானதைக் குறிக்கும் 'தின்' ஆயிற்று. சமஸ்கிருதத்தில் 'தன்' என்ற வினைப்பகுதி ஆயிற்று. கிரேக்கக் கிளையிலிருந்து வந்தவற்றில் ஒன்று, செங்கோணத்துக்குக் கீழே நீண்டு கிடப்பது என்று பொருள்படும் 'ஹைப்பாட்டனுஸ்'. நாம் கர்ணம் என்று படித்தது. இன்னொன்று தசைகளை விறைக்கச் செய்யும் 'டெட்டனஸ்'.

இங்கேதான் தமிழ் வாசகருக்கு நேரான ஓர் இணைப்பு கிடைக்கிறது. அந்தச் சமஸ்கிருத வேரிலிருந்து பிறந்த சொற்கள் பல தமிழில் வழங்குகின்றன. இழுத்துக் கட்டப்பட்ட வீணைத் தந்தி அவற்றுள் ஒன்று. கம்பி என்ற பொருள் விரிந்து, கம்பி வழியே வந்த செய்தியும் தந்தி ஆயிற்று. 1942இல் மதுரையில் தொடங்கிய நாளிதழின் பெயரிலும் அது ஏறியது. 2013 ஜூலையில் தந்திச் சேவை நிறுத்தப்பட்ட பிறகும் சொல் நிற்கிறது. விரித்துக் கட்டிய மேற்கட்டியாகிய விதானம், தொடர்ந்து நீளும் சந்ததி, தறியில் இழுத்துக் கட்டிய பாவிலிருந்து ஒழுங்கு, முறை, பின்னர் சூழ்ச்சி என்று பொருள் வளர்ந்த தந்திரம் ஆகியவையும் அதே கிளையினவே. ஆக, கோயில் விதானமும் சினிமா டென்டும் தூரத்து உறவினர்கள்.

ஒத்த ஒலியை நம்பாதீர்கள்

குடும்பத்தைத் திரட்டும்போது அழையா விருந்தாளிகளும் உள்ளே வந்துவிடுவார்கள். அவர்களை வாசலிலேயே நிறுத்தத் தெரிய வேண்டும். முதல் ஆள் பண்டகசாலை 'இண்டென்ட்'. அதன் வேர் பல் என்று பொருள்படும் லத்தீன் சொல். 'டென்டிஸ்ட்' என்பதில் இருப்பதும் அதுவே. அக்காலத்தில் ஓர் ஒப்பந்தத்தை ஒரே தோலில் இரண்டு முறை எழுதி, நடுவே பல்பல்லாக வெட்டி, ஆளுக்கொரு பாதியை எடுத்துக்கொள்வார்கள். பிற்பாடு தகராறு வந்தால் இரண்டு பாதிகளின் பற்களும் பொருந்துகின்றனவா என்று பார்த்து உண்மையானதை அறிவார்கள். அப்படி வெட்டிய பத்திரம் 'இன்டென்ச்சர்'. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்துக்குக் கப்பலில் போய் இறங்கிய ஒப்பந்தக் கூலிகளின் மேல் ஒட்டிக்கொண்ட சொல் அது. பின்னர் பொருள் வேண்டிப் போடும் எழுத்துக்கும் அதன் கிளைச்சொல்லே பெயராயிற்று. பத்தியின் முதல் வரியை உள்தள்ளித் தொடங்குவதும் அதே பல்வெட்டுதான்.

'டெண்டர்' என்பதில் இருவர் இருக்கிறார்கள். ஒப்பந்தப்புள்ளியாகிய டெண்டர், முன்னே நீட்டுதல் என்ற பொருளில் நம் குடும்பத்தைச் சேர்ந்தது. சாலையோரப் பலகையில் இளநீரைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரின் முன்னால் வரும் 'டெண்டர்', இளமை, மென்மை என்று பொருள்படும் வேறொரு லத்தீன் உரிச்சொல்லிலிருந்து வந்தது.

மூன்றாவது ஆள் நம் பக்கத்துக்காரர். 'இன்டெண்ட்' என்பதைக் கேட்டவுடன் 'எண்' என்ற தமிழ்ச்சொல் நினைவுக்கு வருவது இயல்பு. இரண்டுக்கும் பொருளும் அருகருகே இருப்பதால் ஆசை கூடுகிறது. ஆனால் ஆங்கிலச் சொல்லில் எண்ணுதற்பொருள் 'இன்' என்ற முன்பகுதியில் இல்லை. அது வெறும் 'நோக்கி'. தமிழ்ச்சொல்லோ பகுதியே எண் ஆகி, கணக்கிடுதலும் சிந்தித்தலும் அதிலேயே அடங்கியது. தெலுங்கிலும் கன்னடத்திலும் அதற்கு இணைச்சொற்கள் இருப்பதைப் பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் பார்த்துக்கொள்ளலாம். ஒரு சொல்லின் பழைய வடிவங்களைப் படிப்படியாகக் காட்டாமல் இன்றைய ஒலியை மட்டும் ஒட்டவைப்பது சொற்பிறப்பியல் ஆகாது. இந்தத் தவற்றைத் தமிழின்மேல் உள்ள அன்பால் செய்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அன்பு சரி, முறை சரியில்லை.

சிறப்புத் துறைகளில் சொல் எங்கே தங்கியிருக்கிறது என்று பாருங்கள்

பொதுப்பேச்சில் தேய்ந்த பொருள்கள் சட்டத்திலும் மருத்துவத்திலும் அப்படியே கிடைப்பதுண்டு. கூரான கத்தியால் வெட்டுப்பட்டுத் தையல் போட்ட காயம் விளிம்போடு விளிம்பு சேர்ந்து ஆறினால், அது முதல் 'இன்டென்ஷன்' வழியாக ஆறியது என்று மருத்துவர்கள் எழுதுவார்கள். திறந்த புண் அடியிலிருந்து புதுத்தசை வளர்ந்து மெல்ல மூடினால் அது இரண்டாவது. காயத்துக்கு ஏது எண்ணம் என்று மலைக்க வேண்டாம். முற்கால மருத்துவத்தில் அந்தச் சொல் மருத்துவரின் சிகிச்சை நோக்கத்தைக் குறித்தது. நோக்கம் மறைந்து சொல் மட்டும் காயத்தோடு தங்கிவிட்டது.

மெய்யியலில் அது வந்த வழி இன்னும் சுற்றியது. இடைக்காலப் பாரசீக மெய்யியலாளர் இப்னு சீனா, ஓநாயைக் கண்ட ஆடு அதன் உருவத்தையும் நிறத்தையும் மட்டும் காண்பதில்லை, தனக்கு அதனால் நேரக்கூடிய பகையையும் உணர்கிறது என்று சொல்லி, அப்படி உணரப்படுவதை அரபுமொழியில் 'மஅனா' என்றார். 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலேதோ நகரத்து மொழிபெயர்ப்பாளர்கள் அதற்கு லத்தீனில் 'இன்டென்ஷியோ' என்ற சொல்லை வைத்தனர். 1874இல் பிரென்டானோ என்ற ஜெர்மன் மெய்யியலாளர் அந்த மரபைத் தூசி தட்டி எடுத்து, மனம் எப்போதும் ஏதோ ஒன்றைப் பற்றியதாக இருப்பதே அதன் தன்மை என்று விளக்கினார். இந்தத் துறையில் அந்தச் சொல்லைக் கண்டால் எண்ணம், நோக்கம் என்று மொழிபெயர்க்கக் கூடாது. பற்றியதாயிருத்தல் என்பதே கருத்து.

சட்டத்தில் நம் சொல் எடை கூடியது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, பலர் சேர்ந்து பொதுவான எண்ணத்தை நிறைவேற்ற ஒரு குற்றம் செய்தால், ஒவ்வொருவரும் அதைத் தனியே செய்தவரைப் போலவே பொறுப்பாவார் என்றது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 3ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவு. கல்கத்தாவின் சங்கரிதோலா அஞ்சலகத்தில் 1923இல் அஞ்சல் அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில், தான் வெளியே நின்றிருந்தேனே தவிரச் சுடவில்லை என்று ஒருவர் வாதிட்டார். காவல் நின்றவருக்கும் அதே எண்ணம் இருந்ததென்று கொண்டு, அக்காலத்தில் லண்டனில் இருந்த உச்ச மேல்முறையீட்டு மன்றமாகிய பிரிவி கவுன்சில் 1924இல் அவருடைய தண்டனையை உறுதிசெய்தது. சட்டம் 'இன்டென்ஷன்' என்பதை 'மோட்டிவ்' என்பதிலிருந்து கவனமாகப் பிரிக்கிறது: முன்னது இன்ன விளைவை உண்டாக்க வேண்டும் என்ற எண்ணம், பின்னது அந்த எண்ணத்துக்குப் பின்னால் இருந்து உந்திய காரணம். பசித்த பிள்ளைக்காக ரொட்டி திருடியவரின் காரணம் இரக்கத்துக்குரியது, எண்ணமோ திருடுவதுதான்.

ஒப்பந்தச் சட்டத்தில் இதே சொல் ஓர் இலங்கைத் தொடர்புள்ள வழக்கால் நிலைபெற்றது. இலங்கையில் நீர்ப்பாசனத் துறை இயக்குநராக இருந்த பால்ஃபர் என்ற பொறியாளர் விடுமுறையில் இங்கிலாந்துக்குப் போயிருந்தார். உடல்நலம் கருதி மனைவியை அங்கேயே விட்டுத் திரும்பும்போது, மாதம் 30 பவுன் அனுப்புவதாக அவர் வாக்களித்தார். பின்னர் இருவரும் பிரிய, மனைவி வழக்குத் தொடுத்தார். கணவனும் மனைவியும் இப்படிப் பேசிக்கொள்ளும்போது அதைச் சட்டத்தால் கட்டுப்பட்ட உறவாக்கும் எண்ணம் அவர்களுக்கு இல்லை என்று 1919இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்றும் சட்டக் கல்லூரி மாணவர் முதலாண்டில் படிக்கும் வழக்கு இது. மனைவியின் பக்கம் நின்று படிக்கிறவர்களுக்குக் கசக்கும்.

நீங்கள் கையில் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு பேசியிலும் இந்தச் சொல் இருக்கிறது. ஒரு செயலி, இந்தப் படத்தைப் பகிர வேண்டும், செய்யத் தக்கவர் யார் என்று இயங்குதளத்திடம் விடுக்கும் கோரிக்கைக்கு நிரலாளர்கள் 'இன்டென்ட்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அம்பு எங்கே போய்ச் சேரும் என்பதை அதன்பின் நீங்கள் தொடும் சின்னம் முடிவு செய்கிறது.

தமிழில் எந்தச் சொல்லை வைப்பது

வேர் தேடியதன் பயன் இங்கேதான் கைக்கு வருகிறது. தமிழில் நமக்குச் சொற்பஞ்சம் இல்லை. எது எங்கே என்பதுதான் கேள்வி. லத்தீன் கையை நீட்டியது என்றால், தமிழ் கண்ணை வைத்தது: நோக்குதலிலிருந்து நோக்கம் வந்தது. நீண்டகால இலக்கைச் சொல்லும்போது நோக்கம் பொருந்தும். நாளைக்குக் கடைக்குப் போவதற்கு நோக்கம் என்றால் சிரிப்பார்கள். அதோடு, உள்நோக்கம் என்று முன்னால் ஒரு சொல் சேர்ந்துவிட்டால் அது தீய எண்ணமாக ஒலிப்பதையும் மறக்கக் கூடாது. சுட்டிக்காட்டுதல் என்ற சமஸ்கிருத வேரிலிருந்து வந்த உத்தேசம் அரசு அறிவிப்புகளில் நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் பேச்சுவழக்கில் அது 'ஏறத்தாழ' என்ற பொருளுக்கு நழுவிவிட்டதால், உத்தேசமான தொகை என்று எழுதினால் எண்ணிய தொகையா, தோராயமான தொகையா என்ற குழப்பம் வரும்.

எண்ணம் பொதுவில் பாதுகாப்பான சொல். ஆனால் அதன் எல்லையையும் அறிந்துகொள்ள வேண்டும். 'எண்ணித் துணிக கருமம்' என்ற 467ஆம் குறளில் எண்ணுதல் ஆராய்வதாகவும் துணிதல் முடிவெடுப்பதாகவும் தனித்தனியே நிற்கின்றன. ஆங்கிலச் சொல் இந்த இரண்டுக்கும் இடையில், துணிவுக்குச் சற்றே அருகில் நிற்பது. ஆகவே உறுதி தொனிக்கும் இடத்தில் 'செய்வதென்று இருக்கிறார்' என்றும், தயக்கம் தொனிக்கும் இடத்தில் 'செய்யலாம் என்று இருக்கிறார்' என்றும் எழுதினால், வினையின் வடிவமே அந்த அளவைச் சொல்லிவிடும். பொருள்கள் விஷயத்தில் எண்ணத்தைச் சொல்லவே வேண்டியதில்லை. இந்த வகுப்பு தொடக்கநிலை மாணவர்களை உத்தேசித்து நடத்தப்படுகிறது என்பதைவிட, தொடக்கநிலை மாணவர்களுக்கானது என்பது சுருக்கம். நான்காம் வேற்றுமை உருபு இருக்கும்போது அதன் வேலையை இன்னொருவருக்குக் கொடுப்பானேன்? புண்படுத்தும் எண்ணத்தோடு சொல்லவில்லை என்று எழுதுவதைவிட, 'வேண்டுமென்று சொல்லவில்லை' என்பதே வீட்டிலும் தெருவிலும் வழங்குவது.

எல்லா வகையிலும் என்று பொருள்பட ஆங்கிலத்தில் வழங்கும் 'ஃபார் ஆல் இன்டென்ட்ஸ் அண்ட் பர்ப்பஸஸ்' என்ற தொடரையும் சொல்லுக்குச் சொல் மாற்ற வேண்டாம். 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சட்டமொழியில், ஒன்றையும் விட்டுவிடாமல் வளைத்துப் பிடிக்க எழுதப்பட்ட அடுக்கு அது. நம் பத்திரங்களில் வரும் 'சகலவித பாத்தியங்களும்' போல. 'நடைமுறையில்' என்ற ஒரே சொல் போதும். அதைக் காதால் மட்டும் கேட்ட ஆங்கிலேயர் சிலர் 'இன்டென்ஸிவ் பர்ப்பஸஸ்' என்று எழுதிவிடுகிறார்கள். தவறாக எழுதினாலும் அதே வேரில்தான் போய் விழுகிறார்கள்.

அந்த விடுப்பு விண்ணப்பத்தில் டகரங்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுக் கொடுத்தேன். தமிழிலும் ஒரு படி வேண்டும் என்றார். 'ஊருக்குச் செல்ல உத்தேசித்திருப்பதால்' என்று அவர் எழுதியிருந்ததை அடித்து, 'ஊருக்குச் செல்லவுள்ளதால்' என்று எழுதினேன்.